ஏழாம் கட்டில்காரி

பெரியவள் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. உள்ளே கால் வைத்ததும் சற்று நேரம் எதுவும் தெரியவில்லை. அந்துருண்டை வாசனையும் மட்கிய காகித வாசனையும்தான் முதலில் வந்தன. அப்புறம் ஒரு நீள மேசை தெரிந்தது. ஒரு பெஞ்சு, நான்கு இரும்பு அலமாரி, கடைசியாக மூக்கு நுனியில் கண்ணாடியோடு எழுத்தர்.

"வாங்க, உக்காருங்க. கல்யாண விஷயமா, கல்லறை விஷயமா?"

"கல்லறை."

"அப்ப அவசரமில்ல. கல்யாணக்காரங்கதான் என்னைப் பிச்சுப் புடுங்குவாங்க. போனவங்க பொறுமைசாலிங்க" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். அவள் மூத்தவள், கீழே ஒரு தம்பி. அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. நாலு மாதமாகப் படுக்கை. இன்னும் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம், அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். பழைய கல்லறைத் தோட்டத்தில் தன் அம்மாவை அடக்கம் செய்த குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும்.

அது ஒன்றும் விசித்திரமான ஆசை அல்ல. புதுத் தோட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குழியை மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெரியவளின் அம்மா கிடந்த இடத்தில் இப்போது யாரோ கிடக்கிறார்கள். பழைய தோட்டத்திலோ இடம் நிரம்பி முப்பது வருடமாயிற்று. சொந்தக் குடும்பக் கல்லறை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதற்குப் பதிவேட்டில் பெயர், எண், உறவு மூன்றும் பொருந்தி, பங்குச் சாமியார் கையெழுத்திட்ட சான்று வேண்டும்.

எழுத்தர் அலமாரியைத் திறந்து, எழுபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய அடக்கப் பதிவேட்டை மேசையில் கிடத்தினார். தோல் அட்டை. கைக்குழந்தை கனம்.

பெரியவளுக்குத் தேடுவது புதிதல்ல. இருபத்திரண்டு வருடமாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு குப்பி, முந்நூறு லேபிள். ஓர் எண் மாறினால் ஓர் உயிர் மாறும் என்று தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அப்பாவைப் பெற்றவளின் பெயர் இருந்தது. வயது இருபத்து நாலு. கல்லறை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. குறிப்பு: காய்ச்சல் வார்டிலிருந்து வந்த உடல், வார்டுப் புத்தகம் பார்க்க.

அதே தேதியில் கீழே இன்னொரு வரி இருந்தது. பெயர் தெரியாத பெண். வடக்குச் சுவர் வரிசை, குழி ஒன்பது.

"வார்டுப் புத்தகம்னு போட்டிருக்கே?"

"அந்தக் காலத்துல விஷக்காய்ச்சல் வந்தப்ப பங்குலேர்ந்துதான் வார்டு நடத்தினாங்க. அந்தப் புத்தகமும் இங்கதான் கிடக்கு. நான் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, ஒரு ஆள் கேட்டதில்ல. நீங்க பாத்துட்டு இருங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் போன பிறகு அறை சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது.

பெரியவள் வார்டுப் புத்தகத்தைத் தேடியெடுத்து அந்தத் தேதியைப் பிடித்தாள். நல்ல உருண்டைக் கையெழுத்து. யாரோ ஒரு தாதி எழுதியிருக்க வேண்டும்.

*ஆறாம் கட்டில். காய்ச்சல் பத்தொன்பதாம் நாள். மூன்றாம் நாளே தலை மழிக்கப்பட்டது. அதிகாலை நாலு மணிக்கு மரணம்.* பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளின் பெயர்.

*ஏழாம் கட்டில். பெயர் தெரியாது. வயது முப்பது இருக்கலாம். மாலையில் யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். தலை மழிக்க நேரமில்லை. குழந்தை எங்கே, குழந்தை எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அதிகாலை நாலரை மணிக்கு மரணம். உறவினர்: யாருமில்லை.*

பெரியவள் மறுபடி படித்தாள். தலை மழிக்கப்பட்டது.

அவள் கை புத்தகத்தின் மேலேயே நின்றுவிட்டது.

அப்பாவை வளர்த்த அத்தை, அதாவது செத்துப்போனவளின் நாத்தனார், சாகும்வரை ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் பரவும் என்று முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். தலையிலிருந்து கால்வரை துணியைச் சுற்றிக் கொடுத்தார்களாம். ஜடை மட்டும் துணிக்கு வெளியே முழ நீளத்துக்குத் தொங்கியதாம். "நான்தான் அதைச் சுருட்டிப் பெட்டிக்குள்ள வச்சேன். கையில எடுத்தா பாம்பு மாதிரி கனம்" என்பாள்.

மொட்டைத் தலைக்கு ஏது ஜடை?

லேபிள் மாறியிருக்கிறது. அரை மணி நேர இடைவெளியில், அடுத்தடுத்த கட்டிலில், துணி சுற்றிய இரண்டு உடல்கள். ஏழாம் கட்டில்காரியை ஆறாம் கட்டிலின் குடும்பத்திடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக அப்பா வாராவாரம் பூ வைத்தது முன்பின் தெரியாத ஒருத்திக்கு. பெற்றவள் பெயர்கூட இல்லாமல் வடக்குச் சுவரோரம் கிடக்கிறாள்.

அவள் தாளைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பக்கம் முழுக்க மை கறுப்பாகத்தான் இருந்தது. ஏழாம் கட்டிலின் கடைசிச் சொல் மட்டும் வெளிறிக் கிடந்தது. 'யாருமில்லை' என்ற இடத்தில் தாள் தேய்ந்து, பளபளத்து, வெங்காயத் தோல் போல் மெலிந்திருந்தது. ஒரு விரல் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அப்படி ஆகும்.

பெஞ்சு முனகியது.

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் பலகை எப்படித் தாழுமோ, அப்படித் தாழ்ந்தது.

பெரியவள் திரும்பவில்லை. இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்தபடி, எழுத்தரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

எழுத்தர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? எழுபத்து மூணு வருஷம் ஆச்சு. இதைக் கிளறாம விட்டுடுங்க. இருநூத்துப் பன்னிரண்டுன்னே சான்று எழுதிடறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"தப்பான லேபிள் தப்புதான் சார். எங்கப்பாவை யாரோ ஒருத்தி குழியில வைக்க முடியாது."

"திருத்தம் ஒரு தடவை ஏறிட்டா எறங்காது. அப்புறம் இருநூத்துப் பன்னிரண்டு உங்களோடது இல்ல. குழி ஒன்பதுதான். நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வெயிலுக்கு வந்தபோது மனதுக்குள் பெருமைகூட இருந்தது. சாகப்போகிற மனிதருக்கு மகள் அவரைப் பெற்றவளையே தேடிக் கொடுக்கிறாள். இதைவிட என்ன செய்ய முடியும்?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பது பிறகுதான் தெரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அப்பா படுத்ததிலிருந்து வாராவாரம் அந்த வேலை அவளுடையது. "ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். பிள்ளைகள் சின்ன வயதாக இருந்தபோது அவர்களை உள்ளே கூட்டிப் போனதே இல்லை. கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுத் தனியாகத்தான் போவார். அம்மா மேல் அவருக்கு அத்தனை பிரியம் என்று ஊரே சொல்லும்.

இந்த முறை அவள் நடுப்பாதையில் போகாமல் வடக்குப் பக்கம் திரும்பினாள். இருநூற்றுப் பன்னிரண்டு இடது கைப் பக்கம் இருபதடி தள்ளி இருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று எதற்காகவோ தோன்றியது. பார்க்கவில்லை.

வடக்குச் சுவரோரம் கற்கள் இல்லை. துருப்பிடித்த இரும்புத் தகடுகள்தான். ஒன்பதாம் தகட்டின் மேல் படர்ந்த கொடியை விலக்கிப் பூவை வைத்தாள். கண் கலங்கியது.

"என்னம்மா, இன்னிக்கு இந்தப் பக்கம்?" தோட்டக் காவலர் வாளியோடு வந்து நின்றார்.

"இதுதான் எங்களோட கல்லறை. அது தப்பு."

காவலர் வாளியைக் கீழே வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க வைக்கலியா?"

"இல்ல."

"உங்கப்பா புயல் அடிச்ச வாரம்கூட வந்தாரும்மா. மரம் விழுந்து கிடந்துச்சு, ஏறிக் குதிச்சு வந்து வச்சாரு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. அவரு ஏன் அப்படிப் போவாரு?"

"எப்படி?"

"பூவை வச்சிட்டு, திரும்பாம, பின்பக்கமாவே நடந்து போவாரும்மா. கேட்டு வரைக்கும். அந்தக் கல்லுக்கு ஒரு நாளும் முதுகைக் காட்டினதில்ல."



*

வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். தம்பி சின்னவன் மருந்து வாங்கப் போயிருந்தான். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் நாலு மாதமாகக் கிடந்தவர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனே இன்னிக்கு?"

"தோட்டத்துக்குத்தான்பா."

"பொய் சொல்லாத. அங்க போகல."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். பதிவேடு, வார்டுப் புத்தகம், மொட்டைத் தலை, குழி ஒன்பது, எல்லாம். அழுவார் என்று எதிர்பார்த்தாள்.

"தெரியும்" என்றார் அப்பா.

"என்னது?"

"அவ என்னைப் பெத்தவ இல்லன்னு எனக்குப் பத்து வயசுலயே தெரியும்."

ஜன்னல் திரை ஆடாமல் தொங்கியது. அப்பா அதையே பார்த்தபடி பேசினார். மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு சொல்லாக.

"சின்ன வயசுல மத்தியானம் தூங்கப் போட்டா வருவா. குனிஞ்சு பாப்பா. முடி என் மூஞ்சியில விழும். தட்டிக் கொடுப்பா. அத்தை வந்து உலுக்கு உலுக்குன்னு உலுக்கித்தான் என்னை எழுப்புவாங்க. எனக்குப் பயமே இல்ல. அம்மான்னு நெனச்சேன். எங்கம்மா மொகத்தை நான் பாத்ததில்லையே. பத்து வயசுல அத்தை பெட்டியில ஒரு போட்டோ கெடைச்சது. அம்மான்னாங்க." அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "அது வேற மொகம்."

"அப்பா…"

"அன்னிக்கு அவ வந்தப்ப, நீ யாருன்னு கேட்டேன். பதில் சொல்லல. பேசவே மாட்டா. 'ஸ்ஸ்'னு மட்டும் சொல்லித் தட்டினா. பக்கத்துல அத்தை பையன் படுத்திருந்தான். ஆறு வயசு. அவனையும் தட்டினா. நான் தூங்காம இருக்கத் தொடையைக் கிள்ளிக்கிட்டே கெடந்தேன். அவன் தூங்கிட்டான்."

"சரி."

"எந்திரிக்கல."

தெருவில் ஏதோ வண்டி போனது. 

"அத்தை பெட்டிக்குள்ள வச்ச ஜடை இவளோடதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நானே கல்லறைக்கு ஓடினேன். வாரம் தவறாம நான் இங்க வர்றேன், நீ வீட்டுக்கு வராதேன்னு கெஞ்சினேன். அதுக்கப்புறம் வரல. ஒரே ஒரு தடவை தவறிச்சு. உங்கம்மாவுக்குத் தலைப்பிரசவம் ஆன சமயம். எனக்கு மஞ்சக்காமாலை. எந்திரிச்சு நடக்க முடியல."

 அவளுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை இருந்ததும், நாற்பது நாளில் தொட்டிலிலேயே போனதும் அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் போய்விட்டான் என்றுதான் அம்மா சொல்வாள்.

"அவ கெட்டவ இல்லம்மா" என்றார் அப்பா. "அவ புள்ளையை எங்கயோ விட்டுட்டுச் செத்தவ. எங்க ஒரு புள்ளையைப் பாத்தாலும் தூங்க வைப்பா. அவ்வளவுதான். எழுப்பத்தான் தெரியாது."

"அதனாலதான் அந்தக் குழியிலேயே…"

"நான் பக்கத்துல படுத்துட்டா எங்கயும் போக மாட்டா. உங்க ரெண்டு பேரையும் தேடி வர மாட்டா. இல்லன்னா பெத்தவகிட்டப் போகணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

"நான் திருத்தி எழுதிக் கொடுத்துட்டேன்பா."

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அழிக்கச் சொல்லு" என்றார். "அதுக்கு முன்னாடி பூவை எடுத்துக்கிட்டு ஓடு. இன்னும் ஞாயித்துக்கிழமை முடியல."

சின்னவன் வாசலில் வண்டியை நிறுத்தியதும், "அப்பாவைத் தனியா விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். பூக்கடையில் மீந்திருந்ததை வாரிக்கொண்டு தோட்டத்தை அடைந்தபோது ஐந்து மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கேட்டில் பூட்டு. காவலரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை.

வேறு வழி தெரியாமல் கம்பி இடுக்கில் கையை விட்டுப் பூவை உள்ளே போட்டாள். "நாளைக்குக் காலையில வந்து வைக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்று மர நிழல் மூடிய பாதையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"ஸ்ஸ்…"

குழந்தையை அமர்த்துகிற சத்தம். மிக மெல்ல.

அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தாள். பாதை வெறுமையாக இருந்தது.

"ஸ்ஸ்…"

அது கேட்டுக்கு உள்ளேயிருந்து வரவில்லை.

அவள் நின்றிருந்த பக்கத்திலிருந்து வந்தது.

*

திங்கட்கிழமை தோட்டக் கேட்டைத் திறந்ததும் ஓடிப்போய் இருநூற்றுப் பன்னிரண்டில் பூவை வைத்துவிட்டு, அங்கிருந்து நேரே பங்கு அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் கையைப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமையே சாமியார் கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. பதிவேட்டுல ஏத்தி, நகலும் மேல அனுப்பியாச்சு. நான்தான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"என் தப்புன்னு எழுதித் தர்றேன். பொய் சொன்னேன்னு எழுதித் தர்றேன்."

"வார்டுப் புத்தகம் உங்களுக்காகப் பொய் சொல்லுமா?"

அவர் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, வா" என்றான். குரல் உடைந்திருந்தது. "அப்பா போயிட்டாரு. தூங்கற மாதிரியே போயிட்டாரு."

"நீ கூட இருந்தியா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். திடீர்னு கதவுப் பக்கம் பாத்து, 'வந்துட்டியா'ன்னாரு. நீ வந்துட்டேன்னு நெனச்சு நானும் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. அப்புறம் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்துக்கிட்டாரு, அக்கா. எதுக்குன்னே தெரியல."

புதன்கிழமை அடக்கம். சின்னவனிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். "நாலு மாசமா நீ சரியா தூங்கல அக்கா. அப்பாவும் மருந்து மயக்கத்துல ஏதேதோ சொல்லியிருக்காரு. பெத்தவ பக்கத்துல படுக்கப் போறாரு, சந்தோஷப்படு" என்றான். சாமியாரிடமும் காவலரிடமும் கெஞ்சினாள். சட்டம் சட்டம்தான். இருநூற்றுப் பன்னிரண்டு இனி யாருக்கும் சொந்தமில்லை.

பெட்டியை நடுப்பாதை வழியாகத் தூக்கிப் போனார்கள். இருநூற்றுப் பன்னிரண்டைக் கடக்கும்போது அவள் சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் நடக்கவில்லை. காற்றுகூட வீசவில்லை. வடக்குச் சுவரோரம் ஒன்பதாம் குழியில் அப்பாவை இறக்கி, மண்ணைத் தள்ளி, எல்லாரும் கலைந்தார்கள்.

எல்லாம் அத்தனை சுலபமாக முடிந்ததுதான் அவளைக் கலக்கியது.

*

அடுத்த ஞாயிறு மதியம் சின்னவனுக்குக் காய்ச்சல். நாலு நாள் அலைச்சல், வெயில். அப்பாவின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டான். நூறு டிகிரி இருந்தது. மாத்திரை கொடுத்தாள்.

"தூங்காதே. நான் வர்ற வரைக்கும் முழிச்சுக்கிட்டு இரு. டிவி பாரு. போனை நோண்டு. என்ன வேணா பண்ணு."

"காய்ச்சக்காரனைத் தூங்காதேன்னு சொல்ற ஒரே ஆள் உலகத்துலயே நீதான்."

"விளையாடாத. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."

இனி அது அவளுடைய கடமை. அப்பா அறுபத்து நாலு வருடம் செய்ததை அவள் செய்வாள். புயலிலும் வருவாள். கேட்டுவரை பின்பக்கமாக நடப்பாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டின் கல்லைத் துடைத்து, இரண்டு கை நிறையப் பூவை வைத்தாள். "நான் வந்திருக்கேன்" என்றாள். "அவரு போயிட்டா என்ன, நான் வருவேன். வாரம் தவறாம வருவேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

இந்த நாலு மாதமாக அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் ஓர் இறுக்கம் இருக்கும். ஆள் நிறைந்த அறைக்குள் நுழைந்தது போல. அதைத் துக்கம் என்று நினைத்திருந்தாள். இன்று அது இல்லை. காலி செய்துவிட்டுப் போன வீட்டின் வாசலில் நிற்பது போலிருந்தது. கல் வெறும் கல்லாக இருந்தது. அதன் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, அலகைத் தீட்டிவிட்டு, அவசரமில்லாமல் பறந்து போனது.

தூரத்தில் வாளியோடு நின்ற காவலர் அந்தக் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கல்லு மேல ஒரு குருவி உக்காந்துகூட நான் பாத்ததில்லம்மா" என்றார்.



பெரியவள் போனை எடுத்தாள். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போனது. மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

மறுபடி.

எடுக்கப்பட்டது.

"சின்னவனே! முழிச்சிருக்கியா? எந்திரிச்சு உக்காரு. எந்திரிச்சு வெளியில வா!"

பதில் இல்லை. ஏதோ ஒரு சத்தம் மட்டும், ஒரே சீராக. துணியின் மேல் உள்ளங்கை படுகிற சத்தம்.

தட்… தட்… தட்…

"டேய், பேசுடா!"

தட்டுவது நின்றது. போனருகே யாரோ குனிந்ததுபோல் மூச்சு கேட்டது. பிறகு, இத்தனை வருடம் யாரிடமும் பேசியிராத குரல், வீட்டு மனுஷி ஒருத்தியின் அக்கறையோடு, தணிந்து சொன்னது.

"புள்ள தூங்கறான்டி, பெரியவளே. எழுப்பாத."